செம்பாறை ஸ்டேஷன் பேசுகிறேன்

ஜூன் 2, திங்கள்

நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிற கரூர் ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. இன்று பேனாவை எடுத்ததற்குக் காரணம், இந்த வீட்டில் பேச ஆள் இல்லை.

அப்படி எழுதினால் அநியாயம். ஆள் இருக்கிறார். பெயர் தண்டபாணி. போத்தனூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போன புதன்கிழமை எனக்குத் தாலி கட்டினார். காலையில் "ம்" என்கிறார். சாப்பிடும்போது "போதும்" என்கிறார். அத்தோடு சரி. பெண் பார்க்க வந்த அன்றும் அவருடைய அக்கா வசந்தாமணிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "தம்பி அதிகம் பேசாதுங்க. ஆனா தங்கமான குணம்." முப்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவளுக்கு அதிகம் பேசாத மாப்பிள்ளை அமைவது நல்லதுதானே என்று அப்பா நினைத்தார். நானும் நினைத்தேன். அதிகம் பேசாததும் பேசவே பேசாததும் வேறு வேறு என்று இப்போது தெரிகிறது.

எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டுவிடுகிறார். நல்ல காபி. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

தங்கச்சி மஞ்சரி போன் செய்தாள். "ஆடிக்கு இங்கதானே வருவே? பிடிக்கலைன்னா துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துரு. லீவு முடிஞ்சதும் பழையபடி ஆஸ்பத்திரிக்குப் போ. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, இவள் மூட்டை கட்டச் சொல்கிறாள். திட்டிவிட்டு வைத்தேன். ஆனால் இந்தப் பக்கம் இடமாற்றம் கேட்டு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆடி வரட்டும், பார்க்கலாம்.

ஜூன் 4, புதன்

துணி காயப் போட மாடிக்குப் போனேன். மொட்டை மாடிக்கு முன்னால் ஒரு பெரிய ஹால். கதவைத் தள்ளினால், உள்ளே ஓர் ஊரே இருக்கிறது!

சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதன் மேல் தண்டவாளம், மலை, பாலம், சுரங்கம், உள்ளங்கை நீளத்துக்கு ரயில் எஞ்சின்கள். பிளாட்பாரத்தில் பருப்பு அளவுக்கு மனிதர்கள். ஒருத்தி குடத்தோடு நிற்கிறாள். அவளுடைய சேலைக்கு ஜரிகை வேறு. மூன்று ஸ்டேஷன்கள்: ஆனைக்குளம், செம்பாறை, மேல்துறை. மூன்றிலும் பழைய கறுப்பு டெலிபோன்.

சாயங்காலம் கேட்டேன். "எல்லாம் நீங்களே செஞ்சதா?"

தலையசைத்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அந்தக் குடத்துப் பொம்பளை யாரு?"

தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு தோசைக்குக் கை நீட்டினார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று இந்த வீட்டில் ஒரு குரலைக் கேட்டேன். அதை விவரமாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய நண்பர்கள் வந்து ரயில் ஓட்டுவார்களாம். கார் சீட் தைக்கும் சையது பாய் டிரைவர்; மேல்துறையையும் அவரே பார்த்துக்கொள்கிறார். கணக்கு டீச்சர் ரெஜினா ஆனைக்குளம் ஸ்டேஷன். செம்பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகனோடு இருக்கக் கனடா போய்விட்டாராம். ரெஜினா டீச்சர் சமையலறைக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மருந்துச் சீட்டு படிக்கிற கண்ணு உனக்கு. இதெல்லாம் ஒரு வேலையா? வா புனிதா."

வேலை இதுதான். ஒவ்வொரு வண்டியும் என் ஸ்டேஷனுக்கு வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் தாளில் குறிக்க வேண்டும். உடனே டெலிபோனில் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் என்பது இவர். பின்னால் உள்ள சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து ஒரு வண்டியும் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் சொல்வதை எழுதி வைத்துத்தான் எந்த வண்டி எங்கே இருக்கிறது, எது எதற்கு வழிவிட வேண்டும் என்று முடிவு செய்வார். ஒரே தண்டவாளம். தப்பாகச் சொன்னால் இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்ளும். ஹால் கடிகாரம் வேறு பேய் வேகத்தில் ஓடுகிறது. நம்முடைய கால் மணி அதற்கு ஒரு மணி நேரம்.

முதல் வண்டி வந்தது. ரிசீவரை எடுத்தேன்.

"செம்பாறை ஸ்டேஷன் பேசுகிறேன். பதினேழாம் எண் வண்டி ஒன்பது பத்துக்கு வந்தது."

"கன்ட்ரோல். செம்பாறையில் பதினேழாம் எண் வண்டி ஒன்பது பத்துக்கு வந்தது. எதிரே இருபத்திரண்டு வருகிறது. அது வந்து சேரும் வரை பதினேழை நிறுத்தி வைக்கவும். நன்றி."

நான் ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி, தடங்கல் இல்லாத, கனமான குரல். வானொலியில் செய்தி வாசிக்கலாம். பன்னிரண்டு நாளாக நான் "ம்" என்று மட்டும் கேட்ட தொண்டையிலிருந்தா இது?

அதற்குப் பிறகு வண்டி வராதா வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன். வேலையில் ஆர்வம், வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்று பூராவும் செம்பாறையோடு பேசினார். இன்று பெண்டாட்டிக்கு "ம்". ஆக, பேசத் தெரியும். என்னோடு பேசத்தான் இஷ்டமில்லை.

தேங்காய்ச் சட்னி கசந்துவிட்டது. பேசாமல் சாப்பிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தேன். முப்பத்தோராம் எண் வண்டி புறப்பட்டதைச் சொல்லிவிட்டு, "கன்ட்ரோல், மத்தியானம் ரசமா, மோர்க்குழம்பா?" என்று கேட்டேன்.

டெலிபோன் எல்லாம் ஒரே இணைப்பு. எல்லாருக்கும் கேட்கும். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வெகு நேரம். கடைசியில் சையது பாய்தான், "ரசம், தங்கச்சி! ரசம்!" என்று ஹாலின் மறுமுனையிலிருந்து கத்தினார். எல்லாரும் சிரித்தோம். பின்னறையில் சிரிப்பில்லை.

மத்தியானம் தலை நிமிராமல் சாப்பிட்டார். விளையாட்டுக்குக்கூட என்னோடு பேசக்கூடாது போலிருக்கிறது. மஞ்சரிக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை.

ஜூன் 19, வியாழன்

டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போனார். வெயிலோடு வெயிலாகக் கடைக்கு எடுத்துப் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு ஆள் அதட்டிக்கொண்டிருந்தார். "எப்பக் கிடைக்கும்னு கேட்டேன். வாயைத் திறந்து சொல்லுங்க சார்." இவர் சொல்ல முயன்றார். "பு... பு... பு..." கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடிக்கொண்டது. வந்தவர், "புதனா? புதன்னு சொல்ல இவ்வளவு நேரமா?" என்று சிரித்தபடி எழுந்தார். இவர் தலையாட்டிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

கேரியரைப் பக்கத்து மளிகைக்கடையில் கொடுத்து, கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இவருக்குப் பேச்சு திக்கும். அவ்வளவுதான் விஷயம். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வசந்தாமணி அண்ணிக்குப் போன் செய்தேன். சண்டை போடக் கூடாது என்று நினைத்துத்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மருந்தும் நோயாளியுமா இருக்கறவ நான். இதுக்கா பயந்துக்குவேன்?"

அண்ணி அழுதுவிட்டார். "ரெண்டு எடத்துல கேட்டதும் வேண்டாம்னுட்டாங்க கண்ணு. ஒரு எடத்துல அந்தப் பொண்ணு முன்னாடியே தம்பியாட்டத் திக்கிப் பேசிக் காட்டிச் சிரிச்சாங்க. மூணாவது தடவை நானே பேசிக்கறேன்னுட்டேன். தம்பி சொல்லோணும்னுதான் நின்னுச்சு. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன்."

"அப்ப அவரு?"

"அப்பவிருந்து நீ எப்பக் கண்டுபிடிப்பியோன்னு பயந்துட்டே இருக்குது."

எனக்கு இன்னும் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் இரண்டு வாளித் துணி துவைத்தேன். துவைக்கத் தேவையில்லாத திரைச்சீலையையும் சேர்த்து.

ஜூன் 22, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிவிட்டு நான் மாடிக்குப் போகவில்லை. தலை நன்றாகத்தான் இருந்தது.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நடு ஸ்டேஷன் வாய் திறக்காவிட்டால் வண்டி எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். படியில் காலடிச் சத்தம். ரெஜினா டீச்சர் என்றுதான் நினைத்தேன். இவர் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

வாயைத் திறந்தார். மூடினார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"பு... பு... பு..."

எனக்கு என் பெயர்தான் என்று தெரியும். நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொல்லி முடித்துக் கொடுத்தால் அவருக்கும் எளிது, எனக்கும் எளிது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் கடுகு வெடித்துக் கருகியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"...புனிதா. நா... நான் சொல்லியிருக்கோணும். அன்னிக்கே. அ... அக்கா மேல தப்பில்ல. நான் எ... எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம். பயமா இருந்துச்சு."

நான் போன் செய்ததை அண்ணி சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நெற்றியெல்லாம் வியர்வை.

என்ன சொல்வது என்று தெரியாமல், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "டெலிபோன்ல மட்டும் எப்படிங்க அவ்வளவு அழகா வருது?"

கொஞ்சம் யோசித்தார். "அது எ... என்னோட வார்த்தை இல்ல. வண்டியோட வார்த்தை. என்ன சொல்லோணும்னு முன்னாடியே இருக்குது. நம்பரும் நேரமும் மட்டும் மா... மாறும். எம்பட வார்த்தைன்னா தான் தொ... தொண்டையில நிக்குது."

அன்றைக்கு நான் ரசமா மோர்க்குழம்பா என்று கேட்டது ஞாபகம் வந்தது. எப்படிப்பட்ட இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறேன்!

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க? ரசமா?"

"மோ... மோர்க்குழம்பு" என்றார். சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது.

கருகின கடுகைக் கொட்டிவிட்டு மாடிக்குப் போனேன். சையது பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தலைவலி போயிருச்சா தங்கச்சி?" என்றார். போய்விட்டது என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

மோர்க்குழம்பு. நாலு வாக்கியம் பேசினார். நான் ஒன்றைக்கூட முடித்து வைக்கவில்லை. சொல்லப் போனால், காத்திருந்து கேட்கும்போது ஒவ்வொரு வார்த்தையும் கொஞ்சம் கூடுதல் ருசியாக இருக்கிறது. இது மோர்க்குழம்பின் ருசியாகவும் இருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று ஒரு விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் ஓடுவதை இவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை! இத்தனையும் கையால் செய்தவர், ஆரம்பத்திலிருந்தே பின்னறையில்தான். ரெஜினா டீச்சர் சொன்னார்: "எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. கன்ட்ரோலை விட்டு வர மாட்டார்."

காரணம் எனக்குத் தெரியும். ஸ்டேஷனில் இருந்தால் வண்டி கவிழும், கம்பி அறுந்துபோகும். அப்போது நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கேட்டேன். "ஜூலைல ஊர்க்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டப்போறீங்களாமே. அன்னிக்கு நான் கன்ட்ரோல்ல உக்காரவா? நீங்க செம்பாறைக்கு வாங்க."

முடியாது என்று தலையாட்டினார். சரி என்று விட்டுவிட்டேன். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வந்து பக்கத்தில் நின்றார். "ப... பழகிப் பாக்கலாமா?"

ஜூலை 6, ஞாயிறு

பழகிப் பார்த்தோம். கன்ட்ரோல் வேலை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இல்லை. ஆனைக்குளத்திலிருந்து புறப்பட்ட வண்டியை எழுத மறந்தேன். எதிர்ப்பக்கம் இன்னொன்றுக்கு வழிவிட்டேன். இரண்டும் நடுவழியில் நேருக்கு நேர் வந்து முட்டிக்கொண்டு ஒரு பெட்டி குப்புற விழுந்தது. சையது பாய், "ஒரே வண்டியில ரெண்டு எஞ்சின்! முன்னேற்றம்தான்!" என்று கைதட்டினார்.

நான் பின்னறையிலிருந்து ஓடிப் போனேன். இவர் பெட்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திட்டு விழும் என்று நினைத்தேன். நிமிர்ந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நா... நான் இதைப் பார்த்ததே இல்ல" என்றார். விபத்தைச் சொல்கிறார்!

ஜூலை 13, ஞாயிறு

தெருவே வந்திருந்தது. கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று சையது பாய் காலையில் டெலிபோன் லைனில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டார். கேட்டதும் இவர் முகம் வெளுத்தது. கழற்றச் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்றார். செம்பாறையில் போய் உட்கார்ந்தார். நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் பாதி வெண்ணெய் மாதிரி போனது. அவருடைய அந்தக் குரல், இப்போது என் காதில், செம்பாறையிலிருந்து. நான் திருப்பிச் சொல்வேன், எழுதுவேன், நன்றி சொல்வேன். நன்றியைக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன் என்று ரெஜினா டீச்சர் பிறகு கேலி செய்தார்.

அப்புறம் மணி அடித்தது.

"செம்பாறை ஸ்டேஷன் பேசுகிறேன். இருபத்திரண்டாம் எண் வண்டி..."

நின்றுவிட்டது. புறப்பட்டது என்றோ வந்தது என்றோ வரவில்லை. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

"இருபத்திரண்டாம் எண் வண்டி பு... புறப்படலை. சுரங்கத்து வா... வாசல்ல ஒரு ப... ப... ப..."

கதவுக்கு அப்பால் கூட்டத்தில் யாரோ, "பழுதா?" என்றார்கள். இன்னொருவர், "பாறையா?" யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

கன்ட்ரோலுக்குக் கண் கிடையாது. சொன்னால்தான் தெரியும். எல்லா ஸ்டேஷனுக்கும் மணி அடிக்கிற பட்டனை அழுத்தினேன்.

"கன்ட்ரோல் பேசுகிறேன். எல்லா வண்டியும் இருக்கிற இடத்தில் நிற்கவும். செம்பாறை சொல்லி முடிக்கும் வரை யாரும் நகர வேண்டாம். செம்பாறை, நிதானமாச் சொல்லுங்க. கன்ட்ரோல் காத்திருக்கு."

சக்கரச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அவர் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில். நான் பேனாவோடு காத்திருந்தேன். ஆனால் அந்த வார்த்தையை நான் தேடவில்லை. அது அவருடையது.

"ப... பல்லி" என்றார். "சுரங்கத்து வாசல்ல ஒரு பல்லி. த... தண்டவாளத்து மேலயே உக்காந்திருக்குது. வண்டியை விட்டா வா... வால் போயிரும்."

ஹால் வெடித்துச் சிரித்தது. எல்லாரும் சுரங்கத்தை நோக்கி ஓடுகிற சத்தம். சிரிப்பில் அவர் சிரிப்பும் இருந்தது. தனியாகத் தெரிந்தது எனக்கு.

"செம்பாறை, பல்லி எந்தத் திசையில் போகிறது?" என்றேன், கன்ட்ரோல் குரலில்.

"அது இன்னும் மு... முடிவு பண்ணலீங்க, கன்ட்ரோல்."

மறுபடியும் சிரிப்பு. அந்த வாக்கியம் எந்தத் தாளிலும் எழுதி வைத்தது இல்லை. முழுக்க அவர் வார்த்தை. என் நேரத்தாளில், தாமதத்துக்குக் காரணம் என்று "பல்லி" எழுதினேன். கண்ணில் ஏதோ விழுந்து எழுத்து சரியாகத் தெரியவில்லை.

கூட்டம் போன பிறகு வசந்தாமணி அண்ணி தனியாக நின்று மலையையும் பாலத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தனை பேரு முன்னாடி பேசிருச்சே" என்றார். பிறகு, "நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கல, பார்த்தியா?" என்றார் பெருமையாக.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. அப்பாவும் மஞ்சரியும் கூட்டிப் போக வந்தார்கள். மஞ்சரி என் பையைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? மீதித் துணி?"

"அலமாரியில இருக்கு."

"ஆடி கழிஞ்சு வந்து எடுத்துக்கப் போறியா?"

"எதுக்கு எடுக்கணும்? இடமாற்றத்துக்கு நேத்தே எழுதி அனுப்பியாச்சு."

அவள் இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காபியைக் குடித்தாள். "காபி நல்லா இருக்கு மாமா" என்றாள். இவர், "இ... இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டார். மஞ்சரி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு, "போடுங்க மாமா" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு, கரூர்

சாயங்காலம் போன் வந்தது. எடுத்தேன், சத்தமே இல்லை. வேறு யாராவது என்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"...புனிதா."

"சொல்லுங்க."

சொன்னார். கடிகாரத்தைப் பார்க்காமல் சொன்னார். இன்று வண்டி விடவில்லையாம். காலையில் சுரங்கத்துக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே பல்லி முட்டை இட்டு வைத்திருக்கிறது. ரெஜினா டீச்சர் எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்கிறார். சையது பாய் மெதுவாக ஓட்டுகிறேன் என்கிறார். இவர் இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரோடும் வாதாடியிருக்கிறார். வாதாடியிருக்கிறார்!

"நீ எ... என்ன சொல்ற?"

"அந்தப் பக்கம் வண்டி விடாதீங்க. நான் வந்து பார்க்கணும்."

"அதுக்குள்ள பொ... பொரிஞ்சிருமே."

"அப்ப நாளைக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க. நாளன்னிக்கும்."

"ச... சரி" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

உள்ளே வந்தபோது இட்லி ஆறிப்போயிருந்தது. மஞ்சரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஒரு பல்லி முட்டையைப் பத்தியா இவ்வளவு நேரம்?"

"ரெண்டு முட்டை" என்றேன்.